எட்டாவது நிமிடத்தில் தொடங்கும் பாட்டு

ஐந்து நிமிடம் என்றார் ஜெயரட்ணம் அங்கிள். பதினேழு நிமிடம் என்றேன் நான்.

அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். எங்கள் புறநகரான டூங்கபியில் யார் புத்தகம் போட்டாலும், யாருடைய பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றாலும் மண்டபத்துக்கு அவரிடம்தான் போக வேண்டும். நல்ல மனிதர். ஆனால் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துவிட்டால் சாமியே இறங்கி வந்தாலும் ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்.

"பிள்ளை, ஆறு பேர் பேச இருக்கினம். விளக்கேத்தோணும், அகவணக்கம், வரவேற்புரை, பிறகு எம்.பி.யின்ர பேச்சு. இதுக்குள்ள ஒரு பாட்டுக்குப் பதினேழு நிமிஷமோ? பரதநாட்டியக்காரரே வர்ணத்தைச் சுருக்கித்தான் இஞ்ச ஆடுகினம்."

"ஆறு பேச்சில மூண்டைச் சுருக்குங்கோ அங்கிள். பாட்டைச் சுருக்கேலாது."

அவர் தலையில் கை வைத்தார். என் வாய் அப்படி. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. அங்கே வருகிறவர்கள் கையை மட்டும் நீட்டினால் போதும், நான் அதிகம் பேசத் தேவையில்லை. அதனால் மிச்சப் பேச்செல்லாம் வெளியில் வந்துவிடுகிறது என்று என் தங்கை சொல்வாள்.

நான் நிரூபா. பாரிடோன் சாக்ஸபோன் வாசிக்கிறவள். எங்கள் குழு வாசிப்பது ஆஃப்ரோபீட். எழுபதுகளில் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பிறந்த இசை அது. உள்ளூர் மேளம், கடற்கரை ஹோட்டல்களில் வாசித்த ஹைலைஃப் நடன இசை, அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ், ஃபங்க் எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, இராணுவ ஆட்சியின் முகத்துக்கு நேரே ஊதின இசை. ஒரு பாட்டு கால் மணி நேரம் ஓடும். முதல் பாதியில் பேச்சே கிடையாது. மேளமும் பேஸ் கிட்டாரும் ஊதுகருவிகளும் கேட்கிறவனின் காலைப் பிடித்து ஆட்டி, அவன் இனி எழுந்து போக மாட்டான் என்று உறுதியான பிறகுதான் பாடகர் வாயைத் திறப்பார். திறந்தால் யாருக்கும் பயப்பட மாட்டார். வானொலிக்காரர்கள் நீளத்தைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள். நீளம் மட்டும்தான் காரணமா என்பது வேறு கதை.

எங்கள் குழுவின் டிரம்ஸ்காரன் செகுன் லாகோஸில் பிறந்தவன், மெரிலேண்ட்ஸில் பஸ் ஓட்டுகிறவன். அவனுடைய கராஜில்தான் ஒத்திகை. ஒருநாள் நான் விளையாட்டாக ஒரு பைலா மெட்டை ஊதினேன். யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் ஆட்டம் போட வைக்கிற அதே பைலாதான். செகுன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, இது எங்கள் வீட்டுத் தாளமாயிற்றே, உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டான். போர்த்துக்கேயர் இலங்கைக்குக் கூட்டி வந்த ஆபிரிக்கர்கள் விட்டுப் போன தாளம் என்று சொன்னேன். அவன் குச்சியை எடுத்து அந்தத் தாளத்தை நாற்பது நிமிடம் விடாமல் வாசித்தான். எங்கள் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அன்றுதான் பிறந்தது.

ஆல்பத்தின் பெயர் 'வரிசை'. அகதிகளாகப் படகில் வந்தவர்களைப் பார்த்து, வரிசையில் நிற்காமல் குறுக்கே புகுந்தவர்கள் என்று இந்த நாட்டில் சொல்வார்கள். அதற்குத்தான் இந்தப் பதில். பாடியவன் கபிலன். இருபத்திரண்டு வயதில் படகில் வந்தவன், இப்போது முப்பத்தைந்து. மார்க்கெட்டில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறான். அவனுடைய அகதி விண்ணப்பம் தள்ளப்பட்டு, மேன்முறையீடும் தள்ளப்பட்டு, இத்தனை வருடமும் தவணை தவணையாக நீட்டப்படும் பிரிட்ஜிங் என்கிற தற்காலிக விசாவில் இருக்கிறான். தாய் செத்தபோது ஊருக்குப் போகவில்லை. போனால் திரும்பி வர முடியாது.

பாட்டின் பின்பாதி முழுக்க அவன் எழுதியது. எழுதியது என்றால், பெயர்கள்தான். அவனைப் போல முடிவில்லாமல் காத்திருக்கிறவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டான். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். பதினான்கு பேர் ஓம் என்றார்கள். ஒரு பெயர், பிறகு எத்தனை வருடம் என்று கபிலன் கூப்பிடுவான். கோரஸ் 'இங்கதான் நிக்கிறம்' என்று பதில் சொல்லும். வருடத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். கேட்க வேண்டியவர்களுக்கு விளங்கட்டுமாம். பதினைந்தாவது பெயர் அவனுடையது.

அந்தப் பதினைந்தாவது பெயரை ஆல்பத்திலிருந்து வெட்டியது நான்.

காரணம் இருந்தது. எங்கள் பகுதி எம்.பி.யிடம் கபிலனின் கோப்பு போயிருந்தது. அமைச்சர் மனது வைத்தால் அவனுக்கு விசா கிடைக்கும், அமைச்சரிடம் போகிற விண்ணப்பத்தோடு எம்.பி.யின் ஆதரவுக் கடிதம் இருந்தால் பலம் என்று அவனுடைய லோயர் சொல்லியிருந்தார். ஜெயரட்ணம் அங்கிள் தானே நேரில் போய்ப் பேசி, அந்த அம்மா தருவதாகத் தலையாட்டியும் விட்டார். ஊர்வாயில் அடிபடாமல் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருக்கச் சொல்லு என்றார் அங்கிள். லோயரும் அதையே சொன்னார்.

கபிலன் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, மற்ற ஆக்களின்ர பேரைக் கேட்டு வாங்கிப்போட்டு என்ர பேரை ஒளிக்கிறதோ? நாளைக்கு அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"உனக்கு ஒரு கடிதம் வரப்போகுது. அவைக்கு வரேல்லை. விசர்க்கதை கதைக்காத."

"பதின்மூண்டு வருஷம் நல்ல பிள்ளையா இருந்திட்டன் அக்கா. என்ன கிடைச்சது?"

"ஆல்பம் என்ர பேரில வருது. நான்தான் முடிவெடுப்பன்" என்றேன். பதினான்காவது பெயர் முடிந்ததும் என் சாக்ஸபோன் பெரிதாக உள்ளே வந்து பாட்டை முடித்துவிடுகிற மாதிரி மாற்றிப் பதிந்தேன். அவன் அடுத்த ஒத்திகைக்கும் வழக்கம்போல நேரத்துக்கு வந்தான். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அந்த எம்.பி.தான் எங்கள் வெளியீட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர். இதுவும் அங்கிளின் ஏற்பாடு. நேரில் கண்டால் கடிதம் சுறுக்காக வரும் என்பது அவருடைய கணக்கு. ஐந்து நிமிடமா பதினேழு நிமிடமா என்ற சண்டைக்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. சிறப்புப் பிரதி குடுக்கேக்க எப்பிடியும் கால் மணித்தியாலம் போகும். நான் மைக்கில பேர் கூப்பிட, ஆக்கள் வந்து எம்.பி.யின்ர கையால வாங்குவினம். அந்த நேரம் நீங்கள் பின்னுக்கு உங்கட பாட்டுக்கு வாசிச்சுக் கொண்டிருங்கோவன். கலியாண வீட்டில நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி. ஒருத்தருக்கும் நேரம் வீணில்லை."

எனக்குக் காது சூடேறியது. இரண்டு வருட உழைப்பு இவருக்குக் கலியாண வீட்டுப் பின்னணி! ஆனால் பதினேழு நிமிடம் முழுசாகக் கிடைக்கிறதே. சரி என்றேன். அங்கிளுக்குச் சந்தோஷம். ஒத்திகையில் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு, சொல் இல்லாத பாட்டு, ஒரு கரைச்சலும் இல்லை என்று அவர் நம்பிக்கொண்டு போயிருந்தார். எட்டாவது நிமிடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் டாக்டர்மார், கணக்காளர்மார், கடை முதலாளிமார். குசினியில் சுஜீவா ரோல்ஸ் பொரித்துக் கொண்டிருந்தாள். கார் நிறுத்துகிற இடத்தில் சிறிதரன் வெயிலில் நின்று வழிகாட்டினான். கதிரை அடுக்கியது இரத்தினசிங்கம் அண்ணை. சங்கத்தில் எந்த விழா என்றாலும் இந்த வேலைகளைச் செய்வது இவர்கள்தான், கபிலன் எழுதிய பெயர்களும் இவர்களுடையவைதான்.

விளக்கேற்றினார்கள். ஆறு பேரும் பேசினார்கள், ஒருவரும் சுருக்கவில்லை. எம்.பி. பேசினார். நீலக் கோட்டு, அதன் மேல் பொன்னாடை. தமிழர்களின் உழைப்பையும் உளுந்து வடையையும் புகழ்ந்து 'வணக்கம்' என்று முடித்தார். முதல் பிரதியை ஒரு டாக்டர் வாங்கினார். மெல்பேர்னிலிருந்து அச்சாகி வந்த இசைத்தட்டுகளை ஒரு மேசையில் அடுக்கி, எம்.பி.யை அதன் பக்கத்தில் நிறுத்தினார் அங்கிள். பிறகு எங்களைப் பார்த்து மெதுவாகக் கையைக் காட்டினார்.

செகுன் தொடங்கினான். பேஸ் புகுந்தது. நான் ஊதினேன். முன்னால் அங்கிள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்தார். அழைக்கப்பட்டவர்கள் சால்வையைச் சரிசெய்து, படி ஏறி, இசைத்தட்டை வாங்கி, எம்.பி.யோடு கைகுலுக்கி, கமராவைப் பார்த்துச் சிரித்து இறங்கினார்கள். எல்லாம் அங்கிள் நினைத்தபடியே நடந்தது. மூன்றாவது நிமிடத்தில் எம்.பி.யின் தோள் தாளத்துக்கு அசைய ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் அங்கிளின் காதில், பாட்டு எப்ப தொடங்கும் என்று கேட்டார். இது சவுண்ட் செக் மாதிரித்தான் என்று அங்கிள் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

எட்டாவது நிமிடம் வந்தது. அங்கிள் பட்டியலின் இரண்டாவது தாளைத் திருப்பினார். அந்த இடைவெளியில் கபிலன் வாயைத் திறந்தான்.

"சுஜீவா! தேர்ட்டீன் இயர்ஸ்!"

"இங்கதான் நிக்கிறம்" என்றது கோரஸ்.

குசினிக் கதவு திறந்தது. இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வெளியீட்டு விழாவில் மைக்கில் பெயர் சொன்னால் எழுந்து போக வேண்டும், அதுதான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். தன்னைச் சிறப்புப் பிரதிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் சுஜீவா. மாக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு நடுவழியால் நடந்து வந்து படி ஏறினாள். எம்.பி.க்குத் தமிழ் தெரியாது. பெயர் கேட்டது, ஆள் வந்தது, இசைத்தட்டைக் கொடுத்துக் கைகுலுக்கினார்.

"சிறிதரன்! தேர்ட்டீன் இயர்ஸ்!"

அவன் வாசலில் நின்றான். சுஜீவா வாங்கியதைப் பார்த்தான். மஞ்சள் ஜாக்கெட்டோடு அப்படியே மேடைக்கு வந்தான். எம்.பி. அவனுக்கும் கொடுத்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வருடக் கணக்கு அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதாக ஏறிய இரத்தினசிங்கம் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டே, பதின்மூன்று வருடம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெயிற்றிங், மேடம்" என்றார் அண்ணை.

அதற்குள் ஜெயரட்ணம் அங்கிள் என் பக்கத்துக்கு ஓடி வந்துவிட்டார். "நிப்பாட்டு பிள்ளை! அந்தப் பெடியன்ர கடிதம்! அந்தக் கடிதத்தை யோசி!" வாயில் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தன் மானத்துக்காகப் பதறவில்லை, கபிலனுக்காகத்தான் பதறினார்.

பெயர்கள் தொடர்ந்தன. யோகா. அவளுக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றிய பெடியன். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. முன்வரிசை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் எம்.பி. மேடையை விட்டு இறங்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துத்தான் கொடுத்தார். வாங்கியவர்களும் திரும்பிக் குசினிக்குப் போகவில்லை. மேடையோரம் இசைத்தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

பதினான்காவது பெயர் முடிந்தது. நான் உள்ளே வர வேண்டிய இடம். நான் ஊதினால் மற்ற ஊதுகருவிகள் சேர்ந்துகொள்ளும், பாட்டு முடியும், எம்.பி. வீட்டுக்குப் போவார், கபிலனின் பெயர் இதில் இல்லை என்று அங்கிள் நாளைக்குச் சமாளித்துவிடுவார். மூச்சைக்கூட எடுத்துவிட்டேன். கபிலன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கெஞ்சவில்லை. என் முடிவு என்ன என்று மட்டும் பார்த்தான். அவனுடைய பெயரை நான் யார் வெட்டுவதற்கு? பெயரை வெட்டிய அன்றைக்கு இதைக் கேட்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தேன். செகுன் என்னைப் பார்த்தான், குழப்பமடையவில்லை, தாளத்தை அப்படியே வைத்திருந்தான்.

"நடராசா கபிலன்!" என்றான் கபிலன். முழுப்பெயர். "தேர்ட்டீன் இயர்ஸ்!"

மண்டபம் முழுக்கச் சேர்ந்து பாடியது என்று சொன்னால் பொய். கோரஸோடு மேடையோரம் நின்ற பதினான்கு பேரும் பாடினார்கள். பின்வரிசையில் கொஞ்சப் பேர் பாடினார்கள். அது போதுமான சத்தமாகத்தான் இருந்தது. கபிலன் மைக்கை வைத்துவிட்டு நடந்து போய் எம்.பி.யின் முன் நின்றான். அவர் ஒரு இசைத்தட்டை எடுத்து நீட்டினார். உன்னுடைய பெயர் எனக்குத் தெரியும், கோப்பில் பார்த்தேன் என்றார். ஆள் நான்தான் என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான் கபிலன்.

புதன்கிழமை எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்தது. இந்தச் சந்தர்ப்பத்தில் ஆதரவுக் கடிதம் வழங்க முடியாத நிலையில் இருக்கிறார்களாம். காரணம் எதுவும் எழுதவில்லை. அங்கிள் போன் எடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்ப என்ன செய்யப் போறாய் பிள்ளை?" என்று மட்டும் களைத்த குரலில் கேட்டார். மறுநாள் வேலை முடிந்து காருக்குள் இருந்து அழுதேன். வாய்க்கொழுப்பில் ஒருவனின் வாழ்க்கையோடு விளையாடிவிட்டேன் என்று என்னையே ஏசினேன். பிறகு மெரிலேண்ட்ஸில் அவன் இருக்கிற அடுக்குமாடி யூனிட்டுக்குப் போனேன்.

கபிலன் கதவைத் திறந்துவிட்டு, உருளைக்கிழங்கு கருகப் போகுது என்று அடுப்படிக்குத் திரும்ப ஓடினான். நான் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு தம்பி. நான் அண்டைக்கு ஊதியிருக்கோணும்."

"ஊதியிருந்தா உங்களோட நான் பிறகு கதைச்சிருக்க மாட்டன்" என்றான், சட்டியைக் கிளறிக்கொண்டே. "அந்தக் கடிதம் வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் அக்கா, பொய் சொல்லேல்லை. நேற்று முழுக்க நித்திரை இல்லை. ஆனா கடிதம் இல்லாட்டியும் லோயர் விண்ணப்பத்தை அனுப்பத்தான் போறார். இந்த முறை என்ர கதையை நானே எழுதிக் குடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். நேற்று இரத்தினசிங்கம் அண்ணையும் சுஜீவாவும் வந்தவை. பதினைஞ்சு பேரும் சேர்ந்து ஒரே நாளில அனுப்புவமாம்." அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்கள் ஒண்டு செய்யோணும். அடுத்த அச்சில என்ர பேர் இருக்கோணும்."

மறுபடியும் அச்சடிக்கிற யோசனையே எனக்கு அதுவரை இருக்கவில்லை. இருக்கும் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஸ்டூடியோவுக்குப் போனோம். பழைய பதிவில் என் சாக்ஸபோன் உள்ளே வருகிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளி இடம் விட்டேன். செகுன் அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக வாசித்தான். கோரஸுக்குப் பதினான்கு பேரையும் வரச் சொல்லியிருந்தேன். மழை, வேலை எல்லாவற்றையும் தாண்டிப் பதினொரு பேர் வந்து ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். கபிலன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான். தாளம் போனது. ஒரே தடவையில் சொல்லி முடித்தான்.

எனக்கு எதையும் ஒரு தடவையோடு விட்டுப் பழக்கமில்லை. பொத்தானை அழுத்தி, "இன்னொருக்காச் சொல்லிப் பாப்பமோ தம்பி?" என்று கேட்டேன்.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"ஏன் அக்கா? என்ர பேரை நான் பிழையாச் சொல்லுவனோ?"